காட்டுச்சேவல் விழுங்கிய கூவல்

பறவையும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசி, அந்தப் பேச்சிலேயே சண்டையும் போட்டுச் சமாதானமும் ஆகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையின் அடிவாரக் காட்டில் காரி என்றொரு காட்டுச்சேவல் இருந்தது.

கழுத்தில் பொன்னும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த இறகுகள். வாலில் அரிவாள் போல வளைந்து, கறுத்து மினுங்கும் இறகுகள். அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் வாயில்தான். வாயை மூடிக்கொண்டு இருக்க அதற்குத் தெரியாது. விடிந்தால் கூவும். வெயில் ஏறினால் கூவும். இரை கிடைத்தால் கூவும், கிடைக்காவிட்டால் அதைச் சொல்லியும் கூவும். எங்காவது ஒரு சத்தம் கேட்டுவிட்டால் போதும், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். மரங்கொத்தி மரத்தைத் தட்டினால் பதில். பட்ட கிளை முறிந்து விழுந்தால் பதில். வானம் இடித்தால், தன்னைத்தான் யாரோ மேலேயிருந்து கூப்பிடுகிறார்கள் என்ற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்தி, "கக்... கக்காயா... காயா... கக்!" என்று ஒரு பதில். இடி திரும்ப ஒன்றும் சொல்லாவிட்டால், தான் ஜெயித்துவிட்டதாக வேறு நினைத்துக்கொள்ளும்.

காரி மட்டுமல்ல, அந்தக் காலத்துச் சேவல்கள் எல்லாமே இப்படித்தான். கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாதது சேவலே இல்லை என்பது அவற்றின் எண்ணம். இந்த வீம்பினால்தான் அவை ஓர் ஒப்பந்தத்தில் போய் மாட்டிக்கொண்டன.

அது இப்படி நடந்தது. தினைக்கதிர் முற்றுகிற சமயத்தில் காட்டுக்கோழிகள் கூட்டமாக இறங்கிக் கொல்லைகளை மேய்ந்துவிடும். அடிவாரத்தில் இருந்த தேக்கம்பாறை ஊர்க்காரர்கள் ஆத்திரத்தில் காட்டுக்குள் புகுந்து, கையில் அகப்பட்டதையெல்லாம் அடித்தார்கள். சேவல், பெட்டை, குஞ்சு என்று பார்க்கவில்லை. இப்படியே போனால் தினையும் மிஞ்சாது, கோழியும் மிஞ்சாது என்று தெரிந்ததும் இரண்டு தரப்பும் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தன. பங்குனியில் அம்மனுக்குக் காப்புக் கட்டிய பிறகு மட்டும்தான் வேட்டை. வேட்டைக்காரன் முதலில் குரல் கொடுக்க வேண்டும். பதில் சொல்கிற சேவலை அவன் அடிக்கலாம். பதில் சொல்லாத பறவையை, அது காலடியிலேயே நின்றாலும், தொடக் கூடாது. பதில் சொன்னால் சம்மதம் என்று கணக்கு.

பெட்டைகளுக்கு நிம்மதி. வாயைத் திறக்காமல் இருந்தால் உயிர் தப்பும் என்றால் அதைவிட எளிதான ஒப்பந்தம் உண்டா? சேவல்களுக்கும் சந்தோஷம்தான், ஆனால் காரணம் வேறு. "நம்மைக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்களாம், என்ன மரியாதை!" என்று பூரித்துப்போய்விட்டன. அடுத்த பங்குனியில் வேட்டைக்காரன் குரல் கொடுத்ததும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பதில் சொல்லின. காரியின் அப்பனும் அப்படிப் பதில் சொல்லித்தான் போய்ச் சேர்ந்தது. அதைப் பெருமையாக வேறு பேசிக்கொண்டன. எனக்கு இதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. ஆனால் சேவல்களை மட்டும் சொல்லி என்ன, வீராப்புக்காகக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தின மனிதர்களை நாம் பார்த்ததில்லையா?

காரியின் பெட்டைக்கு மஞ்சாடி என்று பெயர். மண் நிறத்தில், சருகோடு சருகாகக் கிடந்தால் கண்ணுக்கே தெரியாத உடம்பு. இந்தக் கதை நடந்த பங்குனியில் அது முதல் தடவையாக அடை உட்கார்ந்திருந்தது. மூங்கில் புதருக்கு அடியில் மண்ணைக் குழித்து, சருகு பரப்பி, வெளிர் பழுப்பு முட்டைகளை வயிற்றுக்குள் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அடை காக்கிற பெட்டை அசையவும் கூடாது, சத்தம் போடவும் கூடாது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் மூங்கில் தூர்களைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. உலகம் என்று அதற்கு மிச்சமிருப்பது சேவலின் குரல் ஒன்றுதான். காரி மேட்டு மருதமரத்தில் நின்று கூவும்போதெல்லாம், 'இருக்கிறார்' என்று நினைத்து மஞ்சாடி கண்ணை மூடிக்கொள்ளும். பகல் முழுக்கக் குரல் வரவில்லை என்றால் சேவல் செத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது பெட்டை முட்டையை விட்டு எழுந்து போய்விட வேண்டும். காவலுக்குச் சேவல் இல்லாத கூட்டை எப்படியும் கீரி கண்டுபிடித்துவிடும், தாயாவது பிழைக்கட்டும் என்று எப்போதோ மூத்த பெட்டைகள் ஏற்படுத்திய வழக்கம் அது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் அந்த வழக்கத்தால் எத்தனை முட்டைகள் குளிர்ந்துபோயினவோ தெரியாது.

ஆக, வேட்டைக் காலத்தில் காரி கூவினால் அதன் உயிர் போகும். கூவாவிட்டால் முட்டைகளின் உயிர் போகும்.

ஒரு நாள் சாயங்காலம் ஊர்ப்பக்கத்திலிருந்து மேளச் சத்தம் வந்தது. காரி உடனே அதற்கும் ஒரு பதில் கூவிவிட்டு, புதருக்குள் நுழைந்தது.

"மச்சான், யாருக்குப் பதில் சொன்னீக?" என்று மஞ்சாடி கேட்டது.

"மேளம் அடிக்கிறாக புள்ள. பேசாம இருந்தா மரியாதையா இருக்குமா?"

"அது காப்புக்கட்டு மேளம். விடிஞ்சா வில்லைத் தூக்கிட்டு வந்துருவாக."

"வரட்டுமே. கூப்பிட்டா பதில் சொல்லிட்டுப் போறேன். எங்கப்பன் சொல்லலையா?"

"சொன்னாரு, போனாரு. அன்னிக்கு உங்கம்மா அடையில இருந்துச்சாமே. அந்த முட்டையெல்லாம் என்னாச்சுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீகளா?"

காரி கேட்டதில்லை. அப்பன் நெஞ்சை நிமிர்த்திக் கூவிய கதையை அது நூறு தடவை கேட்டிருக்கிறது. பிறக்காமல் போன தம்பி தங்கைகளைப் பற்றி யாரும் அதற்குச் சொன்னதில்லை. ஒரு காலை மடக்கிக்கொண்டு நின்றது.

"வேட்டை முடியிற வரைக்கும் சத்தங்காட்டாம இருங்க மச்சான்."

"நான் சத்தங்காட்டலைன்னா நீ எந்திரிச்சுப் போயிருவியே. அதுதானே வழக்கம்?"

"போக மாட்டேன். சத்தம் கேக்கலைன்னா நீங்க பத்திரமா இருக்கீகன்னு வெச்சுக்கிறேன்."

"உன்னால முடியுமா?"

"முட்டைய விட்டுட்டுப் போறதுக்கு இது பரவாயில்ல. நீங்க மொதல்ல வாயைக் கட்டுங்க, அது உங்களால முடியுமான்னு பாப்போம்" என்றது மஞ்சாடி. சிரித்துக்கொண்டுதான் சொன்னது. ஆனால் முட்டைகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் காட்டுக்குள் வந்தவர்களில் கொம்பையனும் ஒருவன். வேட்டைக்கு ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. அவன் மனைவி ஒச்சம்மாவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பச்சை உடம்புக்காரிக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. பிள்ளை பசியில் வீறிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. காட்டுச்சேவல் சாறு வைத்துக் கொடுத்தால் பால் ஊறும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு எந்த அப்பன் வீட்டில் உட்கார்ந்திருப்பான்?

கொம்பையனுக்கு ஒரு கைவேலை தெரியும். பூவரசு இலையைச் சுருட்டி உதட்டில் வைத்து ஊதி, பெட்டைக்கோழி தன் சேவலைத் தேடும் குரலை அப்படியே எடுப்பான். ஊரிலேயே பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்த இலையை எடுத்து, மருதமரம் இருந்த மேட்டுக்குக் கீழே நின்று ஊதினான்.

மரத்தின் மேல் இருந்த காரிக்கு உடம்பெல்லாம் குறுகுறுத்தது. பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அலகை மார்பு இறகுக்குள் குத்திக்கொண்டு அடக்கிப் பார்த்தது. அடங்கிவிட்டது! கொம்பையன் மறுபடி ஊதினான். மறுபடியும் அடக்கியது. 'அட, இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம்' என்று காரி தன்னையே மெச்சிக்கொண்ட நேரத்தில், மலை உச்சியில் கோடை இடி ஒன்று உருண்டது.

"கக்... கக்காயா... காயா... கக்!"

இடிக்குச் சொன்ன பதில்தான். ஆனால் அதை வேட்டைக்காரனிடம் யார் போய் விளக்குவது? கொம்பையன் அதைத் தனக்கான பதிலாகவே எடுத்துக்கொண்டான், அதில் அவன்மேல் தப்பில்லை. நாண் அதிர்ந்தது. காரி பதறி எழும்பியதில் அம்பு உடம்பைத் தவறவிட்டு, வாலின் நீண்ட இறகைக் கத்தரித்துக்கொண்டு போனது. அந்த இறகு சுழன்று சுழன்று மேட்டில் விழுந்தது. காரி காட்டின் மறுகோடி வரைக்கும் பறந்து ஓடியது.

பொழுது சாய்கையில் அது கூட்டுக்கு வந்தது. வழக்கமாக வாலைச் சிலுப்பிக்கொண்டு வருகிற சேவல், அன்று முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து வந்து நின்றது.

"என்ன மச்சான், நண்டு மாதிரி நடக்கிறீக?"

"கால்ல முள்ளு."

"காலையில உங்க குரல் கேட்டுச்சே? அப்புறம் ஒண்ணும் காணோம். உசிரே இல்ல எனக்கு."

"அது இடிக்கு. வேட்டைக்காரன் எங்கேயோ தூரத்துல இருந்தான். நாளைக்குப் பாரு, மூச்சுக்கூட விட மாட்டேன்."

"சத்தியமா ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல புள்ள."

அம்பு உரசிப் போனதைச் சொல்லியிருக்கலாம். வால் இறகு போனதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அழகு குறைந்துபோனதைப் பெண்டாட்டியிடம் சொல்ல அதற்கு வெட்கம். பேசிக்கொண்டே பின்வாக்கில் நடந்து புதரை விட்டு வெளியேறியது. அந்த வெட்கம் என்ன செய்யப்போகிறது என்று அப்போது அதற்குத் தெரியவில்லை.

மறுநாள் காரி சொன்னபடியே செய்தது. வேட்டைக்காரர்கள் கூட்டுப்பக்கம் வந்துவிடக் கூடாது என்று எதிர்ச்சரிவுக்குப் போய், ஒரு கடுக்காய் மரத்தின் அடர்ந்த கிளைக்குள் உட்கார்ந்துகொண்டது. விடியும்போது கூவவில்லை. வெயில் ஏறும்போதும் கூவவில்லை. மரங்கொத்தி வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பது போலப் பக்கத்து மரத்தில் வந்து தட்டியது. காரி மரப்பட்டையை நகத்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. பசித்தவன் சோற்றுப் பானைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமோ, அவ்வளவு கஷ்டம் அதற்கு.

கூட்டில் மஞ்சாடியின் பாடு அதைவிட மோசம். குரல் வராத காடு இவ்வளவு பெரியது என்று அதற்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. 'சத்தம் இல்லை, அதனால் இருக்கிறார்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. கொஞ்ச நேரம் நம்பியது. பிறகு நம்பிக்கை தேய்ந்தது. மறுபடி சொல்லிக்கொண்டது. வெயில் உச்சிக்கு வந்து சரிந்தது. தூரத்தில் மனிதர்கள் ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம் வந்தது. என்னத்தைக் கண்டு சிரிக்கிறார்கள்?

அப்போது மழைக்கு முந்திய காற்று மேட்டிலிருந்து சருகுகளை அள்ளிக்கொண்டு இறங்கியது. சருகோடு சருகாக உருண்டு வந்து மூங்கில் தூரில் சிக்கி நின்றது ஒரு நீண்ட கறுத்த இறகு.

மஞ்சாடிக்கு அந்த இறகைத் தெரியாதா? அதைப் பார்த்துத்தானே அது மயங்கியது. நேற்றைக்கே விழுந்த இறகு என்று அதற்கு யார் சொன்னார்கள்? சத்தத்தைப் பற்றித்தான் அவை பேசி வைத்திருந்தன. இறகைப் பற்றிப் பேசி வைக்கவில்லை. மஞ்சாடி எழுந்தது. நாலடி போனது. திரும்பி வந்து, காலால் சருகை இழுத்து முட்டைகளின் மேல் போர்த்தியது. போர்வை விலகிய பிள்ளைக்குத் தாய் இழுத்துவிடுவதைப் போல ஓரத்திலெல்லாம் அணைத்துவிட்டது. பிறகு, உடம்பையாவது ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று, அழுதுகொண்டே மேட்டைப் பார்த்து ஓடியது.

காரிக்கோ எதிர்ச்சரிவில் இருப்புக்கொள்ளவில்லை. 'குரல்தான் கொடுக்க முடியவில்லை, முகத்தையாவது காட்டிவிட்டு வருவோம், பாவம் பயந்துபோயிருப்பாள்' என்று நினைத்து, புதருக்குப் புதர் பதுங்கிக் கூட்டுக்கு வந்தது. வந்து பார்த்தால் மஞ்சாடி இல்லை. மூங்கில் தூரில் தன் வால் இறகு கிடந்தது. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நேற்றுச் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை.

கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் முடிந்தது. "நான் இருக்கேன்" என்று ஒரே ஒரு கூவல். ஆனால் மனிதர்களின் பேச்சுச் சத்தம் பக்கத்திலேயே கேட்டது. காரி சருகை விலக்கி முட்டைகளைத் தொட்டுப் பார்த்தது. சூடு ஆறிக்கொண்டிருந்தது. மேலே மேகம் கறுத்திருந்தது. மழையும் வந்துவிட்டால் அவ்வளவுதான்.

சேவல் அடை உட்கார்ந்ததாக அதுவரைக்கும் யாரும் கேள்விப்பட்டதில்லை. எப்படி உட்காருவது என்றும் காரிக்குத் தெரியாது. நேராக உட்கார்ந்தால் ஒரு முட்டை வெளியே உருண்டது. அதை அலகால் தள்ளிச் சேர்த்தால் இன்னொன்று உருண்டது. கழுத்தை அந்தப்பக்கம் இந்தப்பக்கம் திருப்பி, இறக்கையை விரித்து, மடக்கி, கடைசியில் எப்படியோ எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டது. உட்கார்ந்த பிறகுதான் மார்புக்கு அடியில் அது தெரிந்தது. ஒரு முட்டைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு தட்டல். உள்ளே இருக்கிற குஞ்சு ஓட்டைத் தட்டிப் பார்க்கிறது.

சரியாக அந்த நேரத்தில் ஒரு பெட்டையின் குரல் கேட்டது. சேவலைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற குரல். மஞ்சாடி போன திசையிலிருந்தே வந்தது.

மஞ்சாடிதான் அழைக்கிறதா? அப்படியானால் ஒரு பதிலில் திரும்பி வந்துவிடும். பதில் இல்லை என்றால், மனசு வெறுத்து எங்கேயோ போய்விடும், அப்புறம் எந்நாளும் வராது. இல்லை, இது நேற்றைய பூவரசு இலையா? அப்படியானால் ஒரு பதிலில் எல்லாம் முடிந்தது. காரி காதைக் கூர்மையாக்கிக் கேட்டது. வித்தியாசம் தெரியவில்லை. மறுபடி அந்தக் குரல் வந்தது. இன்னும் பக்கத்தில், இன்னும் துக்கமாக வந்தது. வாழ்நாளில் ஒரு குரலைக்கூடப் பதிலில்லாமல் விடாத சேவல் அது. கண்ணில் நீர் முட்டியது. வாயைத் திறக்கவில்லை. மார்புக்கு அடியில் தட்டல் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

மூங்கில் இலைகள் விலகின. உதட்டில் இலையும் கையில் வில்லுமாகக் கொம்பையன் நின்றான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கை நீட்டினால் எட்டுகிற தூரம். ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. கொம்பையன் இலையை ஊதி முறைப்படி குரல் கொடுத்தான். காரி அவனையே பார்த்தது.

"என்னப்பா, கூப்பிட்டேன்ல. பதில் சொல்லு" என்றான் கொம்பையன்.

காரி பேசவில்லை. எதைச் சொன்னாலும் அது பதில்தான்.

"நேத்து அந்தக் கூவு கூவினே. இன்னிக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

காரி பேசவில்லை.

கொம்பையனுக்கு வீட்டில் கத்திக்கொண்டிருக்கும் பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது. எப்படியாவது இதை வாய் திறக்க வைத்துவிட வேண்டும் என்று பார்த்தான். "உங்கப்பனை எனக்குத் தெரியும். அவன் சேவல். கூப்பிட்ட சத்தம் அடங்குறதுக்குள்ள பதில் சொன்னான். நீ என்னடான்னா பெட்டை மாதிரி முடங்கிக் கிடக்கிறே. வெக்கமா இல்ல?"

அது சுரீர் என்று தைத்தது. காரியின் கழுத்து இறகெல்லாம் சிலிர்த்து நின்றன. அப்பனைவிடப் பெரிதாக ஒரு கூவல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அதே சமயம் மலைமேல் வானமும் இடித்தது. முந்தின நாள் இடி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, பாறையே பிளந்தது என்று சொல்லும்படியான இடி. காரியின் தொண்டை புடைத்தது. கூவல் அலகு வரைக்கும் வந்து முட்டியது. காரி கண்ணை இறுக மூடிக்கொண்டு அதை விழுங்கியது. தொண்டையில் மேடாக எழும்பிய அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி மார்புக்குள் அடங்குவதைக் கொம்பையன் கண்ணால் பார்த்தான்.

இறங்கிய இடத்தைப் பார்த்தபோதுதான், மார்பு இறகுக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முட்டையின் ஓரமும் அவன் கண்ணில் பட்டது.

"அடப்பாவி" என்றான் கொம்பையன் மெதுவாக. "நீயா அடை உக்காந்திருக்கே?"

சுற்றிலும் யாரும் இல்லை. அவன் அந்தச் சேவலை அடித்துக்கொண்டு போயிருந்தால், பதில் சொன்னதா இல்லையா என்று கேட்க ஓர் ஆள் இல்லை. கொம்பையன் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு வந்திருக்கு. ராவும் பகலும் அழுகை. அதுக்காகத்தான் வந்தேன், வேற ஒண்ணுமில்ல" என்றான், ஏதோ சொந்தக்காரனிடம் நியாயம் சொல்லுகிறவன் போல. காரி அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவனும் பதிலை எதிர்பார்க்கவில்லை. மழையின் முதல் துளிகள் விழுந்தன. கொம்பையன் எழுந்து, விலகியிருந்த மூங்கில் கிளைகளை இழுத்துக் கூட்டின் மேல் கவித்துவிட்டு, வில்லை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் தலை மறைந்ததும் மேல் கிளையிலிருந்து மஞ்சாடி தொப்பென்று குதித்தது. மேட்டில் ஓடிக்கொண்டிருந்தபோதே கொம்பையன் இலையை ஊதுவதை அது கண்ணால் பார்த்திருக்கிறது. 'சேவலைத் தேடி இன்னும் ஊதுகிறான் என்றால் அவனுக்கு இன்னும் சேவல் அகப்படவில்லை' என்று புரிந்து, திரும்பி ஓடி வந்திருக்கிறது. வந்து பார்த்தால் கூட்டுக்கு எதிரில் கொம்பையன். எல்லாவற்றையும் கிளையில் உட்கார்ந்து மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீதான் கூப்பிடுறேன்னு நெனச்சேன் புள்ள" என்றது காரி. அன்றைக்கு அது பேசிய முதல் பேச்சு. குரல் கம்மியிருந்தது. "நீ கூப்பிட்டும் பேசாம இருக்கேனேன்னு நெஞ்சு வெடிச்சுப் போச்சு."

"நான் கூப்பிட்டிருந்தாலும் நீங்க பேசியிருக்கக் கூடாது மச்சான். அதானே நாம பேசி வெச்சது. நான்தான் எந்திரிச்சுப் போயிட்டேன்."

"இல்ல, தப்பு என் மேல. நேத்து அம்பு வாலைத் தட்டிட்டுப் போச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மஞ்சாடி பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தது. நடுவில் ஓர் இறகு இல்லாமல் வால் மொண்ணையாக இருந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அதற்கு. "இதுக்குத்தான் நண்டு நடையா?" என்று கேட்டு, அந்த இடத்தில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "எந்திரிங்க, என் முட்டையை நசுக்கிருவீக" என்றது. காரி எழுந்திருக்கவில்லை. மழை விடுகிற வரைக்கும் இரண்டும் நெருக்கிக்கொண்டு சேர்ந்தே உட்கார்ந்திருந்தன.

கொம்பையன் நனைந்துபோய் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று, "ஏய் ஒச்சம்மா" என்று அவன் ஆரம்பித்ததுமே உள்ளேயிருந்து, "உஷ்!" என்று குரல் வந்தது.

"மெதுவா வாங்க. இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்றாள் ஒச்சம்மா. பிள்ளை அவள் மார்போடு ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. "சேவல் கெடைச்சுச்சா?"

"இருந்துச்சு. கூப்பிட்டேன், பதில் சொல்லல."

"சேவல் பதில் சொல்லலையா? நல்லா இருக்கே கதை."

"அடை உக்காந்திருந்துச்சு ஒச்சம்மா. முட்டைக்கு மேல. நான் என்னென்னவோ பேசிப் பாத்தேன். தொண்டை வரைக்கும் வந்ததை முழுங்கிருச்சு."

ஒச்சம்மா அவனையே பார்த்தாள். வெறுங்கையோடு வந்ததற்கு ஏதாவது சொல்லுவாளோ என்று அவன் தயங்கி நின்றான்.

"நல்லவேளை தொடாம வந்தீக" என்றாள். "பக்கத்து வீட்டு மதினி முருங்கைக் கீரையில பூண்டு போட்டுக் கொண்டாந்து கொடுத்தா. மத்தியானத்துல இருந்து பால் வருது. பிள்ளை வயிறு நெறைஞ்சுதான் தூங்குது. வில்லைச் சத்தமில்லாம வெச்சுட்டு இப்படி வந்து உக்காருங்க."

கொம்பையன் தலையில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

காட்டில் முட்டைகள் எல்லாம் பொரிந்தன. ஒன்றுகூடக் கூமுட்டையாகவில்லை. மற்ற சேவல்கள் முதலில் காரியைக் கேலிதான் செய்தன. "கூப்பிட்டும் பதில் சொல்லாமல் இருந்தாயாமே, நீயெல்லாம் ஒரு சேவலா?" என்று கேட்டன. காரி அதற்கும் பதில் சொல்லவில்லை. பின்னாலேயே குறுகுறுவென்று ஓடிவந்த குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்து, கேலி செய்த சேவல்களின் பெட்டைகள் தத்தம் வீட்டில் என்ன பேசினவோ, அடுத்த பங்குனியில் காப்புக்கட்டு மேளம் கேட்டதும் அடிவாரக் காடு முழுவதும் வாயை மூடிக்கொண்டது. மஞ்சாடி புதர் புதராகப் போய்ப் பெட்டைகளிடம் சொல்லி வைத்தது. குரல் கேட்கவில்லை என்று எழுந்து போகிற அந்தப் பழைய வழக்கமும் அத்தோடு ஒழிந்தது. அன்று காரி விழுங்கிய கூவல்தான் காட்டுச்சேவலின் கழுத்தில் மஞ்சள் புள்ளிகளாகப் பூத்தது என்று சிலர் சொல்லுவார்கள். அதை நான் நம்புவதில்லை, புள்ளிகள் அதற்கு முன்பே இருந்தன.

மனிதர்கள் அந்த ஒப்பந்தத்தை எப்போதோ மறந்துவிட்டார்கள். இப்போது யாரும் கேட்டுவிட்டு அடிப்பதில்லை. சேவல்கள் மட்டும் தங்கள் பங்கை மறக்கவில்லை. பங்குனி பிறந்து, வேட்டைக்காரனின் காலடி சருகில் பட்டதும் காட்டுச்சேவல் கூவுவதை நிறுத்திவிடுகிறதே, அது காரி காலத்திலிருந்து வருகிற பழக்கம். நமக்கு அப்போது காடு வெறுமையாகத் தோன்றும். ஆனால் எங்கோ ஒரு புதருக்குள், அந்த நிசப்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டபடி, ஒரு பெட்டை பயமில்லாமல் அடை உட்கார்ந்திருக்கும்.